தைலத் தண்ணீர்

மருமகள் வாளித் தண்ணீரில் நீலகிரித் தைலம் விட்டுத் தரை துடைக்கிறாள். அந்த வாசத்தில் அறுபதுகளின் முதுநகர் வீடு வந்துவிட்டது.

அப்பா கடலுக்குப் போகிறவர். அவர் வலையை மூலையில் போட்டதுமே அம்மா தைலத் தண்ணீரால் தரையைத் துடைப்பாள். மீன் வாடை அவளுக்கு ஆகாது. "சோறு போடுறதே அந்த வாடதாண்டி," என்று அப்பா சிரிப்பார்.

ஒரு புயலில் படகு போனது. அப்பா சிதம்பரத்தில் அரிசி மண்டி வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அம்மா வெறும் தண்ணீரால்தான் துடைத்தாள்.

ஒரு சாயங்காலம் வேலை விட்டு வந்தவர் வாசலிலேயே நின்றார்.

"ரெண்டு சொட்டு தைலம் ஊத்தித் தொடச்சு வுடேண்டி."

"இங்கதான் மீனே கெடையாதே?"

"கடல்லேருந்து வூட்டுக்கு வந்தா மாதிரி இருக்கும்."

அம்மா தைலப் புட்டியைத் தேடினாள்.

"ஈரமா இருக்கு அத்த, கால் வைக்காதீங்க," என்கிறாள் மருமகள்.

நானும் வாசலிலேயே நிற்கிறேன்.