டாக்டரம்மாவுக்கு வந்த இன்ஸ்பெக்‌ஷன்

இன்று காலை காய்ச்சலோடு எங்கள் டவுன்ஷிப் பிளாக்கில் இருக்கும் டாக்டரம்மாவின் கிளினிக்குக்குப் போனேன். கிளினிக்கின் தரத்தைச் சோதிக்க இரண்டு சுகாதார அதிகாரிகள் வந்திருந்தார்கள்.

ஃபிரிட்ஜ், குப்பைக்கூடை என்று எல்லாவற்றையும் திறந்து பார்த்தார்கள். டாக்டரம்மாவுக்கு வியர்த்துக் கொட்டியது.

"புகார் ஏதாவது இருக்கா?" என்று, காத்திருந்த நோயாளிகளான எங்களைக் கேட்டார் அதிகாரிகளில் ஒருவர்.

நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை செய்யும் ஓர் அக்கா எழுந்தார். "இருக்குதுங்க."

டாக்டரம்மாவின் முகம் வெளிறிவிட்டது.

"ஞாயித்துக்கிழம பூட்டிக்கினு போயிடறாங்க. அன்னிக்கி நாங்க எங்கங்க போவோம்?"

அதிகாரி சிரித்துவிட்டார். குப்பைக்கூடைக்கு மூடி மட்டும் போடச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.

டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்தார். அந்த அக்காவே தன் பாட்டிலை நீட்டினார். "தண்ணி குடிங்கம்மா. நாங்க உக்காந்துகினு இருக்கோம்."

பிறகு டாக்டரம்மா எனக்குப் பிரஷர் பார்த்தார். நார்மல்தான்.

அவருக்கல்லவா பார்த்திருக்க வேண்டும்! உங்கள் டாக்டருக்கு யாருங்க பிரஷர் பார்க்கிறார்கள்?