மச்சான் விட்டுப்போன கை

நான் அஞ்சாம் வகுப்பு வரைதான் படித்தவள். எழுத்து கோணலாக வரும், மறதியும் உண்டு; பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது உலகச் சண்டைக் காலத்தில், தூத்துக்குடியில் எங்கள் அடுத்த வீட்டில் சங்கு குளிக்கிறவர் ஒருவர் இருந்தார். நல்ல உயரம், உப்பில் வெளுத்த தலைமுடி.

கடலில் மூழ்கிச் சங்கு எடுக்க இறங்குகிறவரின் இடுப்பில் கட்டிய கயிற்றை, மேலே வள்ளத்தில் பெண்சாதியின் தம்பியோ அண்ணனோதான் பிடிப்பார்கள். கூடப்பிறந்தவள் தாலியறுக்க விடமாட்டார்கள் என்ற நம்பிக்கை. அப்படிப் பிடித்த மச்சான் ஒருநாள் பதற்றத்தில் வேகமாக இழுத்துவிட்டான். இவர் தலை வள்ளத்தின் அடியில் மோதியது.

உயிர் பிழைத்தார். ஆனால் இடது கை அசையவில்லை. அது தன் கை என்பதே அவருக்குத் தெரியவில்லை. இடது பக்கம் இருக்கிற எதுவும் அவர் கவனத்தில் படாது; தட்டில் வலது பாதிச் சோற்றை மட்டும் தின்பார். பெண்சாதி தட்டைத் திருப்பி வைப்பாள்.

நான் ஒருநாள், "இது யார் கை அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"மச்சான் கைதாம்ளா. இங்கன வச்சிட்டுப் போயிட்டான். தேடுவாம்லா" என்று சிரித்தார்.

மச்சான் தினமும் சாயங்காலம் வந்து, அந்த விரல்களை எண்ணெய் போட்டு நீவி, கயிற்றைக் கொடுத்து மடக்கப் பழக்குவான். பல மாதம் கழித்து ஒருநாள் விரல்கள் தானாகவே கயிற்றை இறுக்கின.

"பிடிச்சிட்டியளே அத்தான்" என்று மச்சான் அழுதான்.

அவர் அந்தக் கையையே பார்த்தார். "நீதாம்ல பிடிச்சிருக்க. இனி என்னைய மேல தூக்கு."

மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "தூக்குதேன் அத்தான். இப்ப மெதுவாத் தூக்குதேன்."

அடுத்த மாதம் நாங்கள் சாத்தான்குளம் போய்விட்டோம். அவர் மேலே வந்து சேர்ந்தாரா, தெரியாது. தலையில் அடிபட்டால் சொந்தக் கை பிறத்தியார் கையாகுமா? படித்தவர்கள் யாராவது விசாரித்துச் சொல்லுங்கள்.