ஸுலைஹா ராத்தாவின் பயம்

கிணற்றுக்குள் பார்க்காமல் ஸுலைஹா ராத்தா யாருக்கும் ஸலாம் சொல்வதில்லை. காலையில் ஆலங்குடாத் தோட்டங்களுக்குள் நுழைந்தால் நேரே கிணற்றடிதான். செருப்பைக் கழற்றி ஒரு பக்கம் வைப்பார். முக்காட்டை இறுக்கிச் செருகுவார். பிறகு மணலில் கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழ்ந்துபோய், கழுத்தை மட்டும் நீட்டி உள்ளே எட்டிப் பார்ப்பார். நின்றுகொண்டு பார்த்தால் அவருக்குத் தலை சுற்றும். தண்ணீரில் தன் முகம் மட்டும் தெரிந்தால் "அல்ஹம்துலில்லாஹ்" என்று ஒரு பெருமூச்சு. அதற்குப் பிறகுதான் எழும்பி, மணலைத் தட்டிவிட்டு, வெங்காயப் பாத்தியில் குனிந்திருக்கும் பெண்களிடம், "எப்பிடி புள்ளையள், சுகமா இரிக்கீங்களா?" என்று கேட்பார்.

"ராத்தா, கழுதைக்குப் போட்டியா வந்தீங்களோ?" என்று தோட்டத்துச் சொந்தக்காரர் முபாரிஸ் நாள் தவறாமல் கேட்பார். கற்பிட்டிப் பக்கம் கழுதைகளுக்குக் குறைவில்லை. அவை தொட்டியில் தண்ணீர் குடிக்கும்போது அப்படித்தான் கழுத்தை நீட்டும். ராத்தாவும் விடமாட்டார். "ஓம் வாப்பா, கழுதைக்குத்தான் போட்டி. நீ இந்தக் கிணத்துக்கு ஒரு கட்டுக் கட்டிப்போடு, எனக்கு வேலை மிச்சம்." முபாரிஸ் சிரிப்பார். அடுத்த போகத்துக்குப் பார்ப்போம் என்பார். எத்தனையோ போகம் போய்விட்டது, கட்டு மட்டும் எழும்பினபாடில்லை.

இந்த மணல் தரையில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். சீமெந்து வளையங்களை இறக்கி, மேல் வளையத்தை ஒரு சாண் வெளியே விட்டுவிட்டால் கிணறு தயார். பாத்திக்குப் பாத்தி நடக்கிற பெரியவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் பாத்தி ஓரத்தில் விளையாடுகிற குழந்தைக்கு அந்தச் சாண் உயரம் உட்கார வசதியான ஒரு திண்டு. ராத்தாவுக்கு நாள் முழுக்க அந்த நினைப்புத்தான்.

தோட்டத்தில் வேலை செய்பவர்கள் இந்த ஊர்க்காரர் இல்லை. மலையகத்திலிருந்து, லயத்து அறையில் இடம் போதாமலும் தேயிலைக் கொழுந்துச் சம்பளம் போதாமலும் குடும்பத்தோடு இறங்கி வந்தவர்கள். வெங்காய நடுகைக்கு வந்து, கிண்டி எடுத்து முடியப் போவார்கள்; சிலர் போக வழியில்லாமல் இங்கேயே தங்கிவிடுவார்கள். தோட்ட மூலையில் கிடுகுக் குடிசை. அவர்களுக்கு வாக்கு இங்கே இல்லை, பதிவு இங்கே இல்லை, ஆகவே அவர்களுடைய பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவும் ஆள் இல்லை. புருசனும் பெண்சாதியும் விடிய இறங்கினால் பொழுது சாயத்தான் நிமிர்வார்கள்.

ராத்தாவும் வந்தேறியவர்தான். தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது, உடுத்த உடுப்போடு தோணியில் வந்து இறங்கியவர். கடலில் மழையும் காற்றுமாக வந்த அந்தப் பயணத்தில்தான் அவருக்குப் பயம் பிடித்தது என்று ஊரில் சொல்வார்கள். கேட்டால் ராத்தாவுக்குக் கோபம் வந்துவிடும். "அது ஒண்டுமில்ல. நான் தொட்டில்லயே பயந்தாங்கொள்ளி. எங்க உம்மாட்ட கேளுங்க எண்டு சொல்லலாம், அவ மவுத்தாகிட்டா."

எதற்குத்தான் பயமில்லை அவருக்கு? இடிக்குப் பயம். ஒரே மோட்டார்சைக்கிளில் இரண்டு ஆண்கள் வந்தால் பயம். சண்டை முடிந்து இத்தனை வருடமாகியும் வாசலில் வாகனம் நின்றால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு அடுக்களைக்குள் ஓடுவார். தோட்டத்துக்கு அடிக்கும் மருந்தின் நாற்றம் வந்தால் எந்தப் பிள்ளை எந்தப் போத்தலைத் தொட்டதோ என்று ஒவ்வொரு பிள்ளையின் கையையும் முகர்ந்து பார்ப்பார். ஊர்ப் பெண்கள் பகிடி பண்ணினால் ஒரே பதில்தான்: "நான் பயப்படாட்டி இந்தப் புள்ளையளுக்காக ஆர் பயப்படுற? பெத்தவளுக்குப் பயப்பட நேரமில்லடி."

அந்தப் பயம்தான் ஒரு கொட்டிலாக எழும்பி நிற்கிறது. தோட்டங்களுக்கு நடுவில் நான்கு மரக்கால், மேலே கிடுகு. யாரோ ஒரு நிறுவனம் வந்து போட்டோ எடுத்து நட்டுவிட்டுப் போன பெயர்ப்பலகை இப்போது காற்றுக்கு மறைப்பாக நிற்கிறது. அவர்களால் ஆன உதவி அவ்வளவுதான். அரிசி, ஊர்ப் பெண்கள் சமைக்கும்போது பானையிலிருந்து எடுத்துவைக்கும் பிடியரிசி. சமைப்பது பக்கத்து வீட்டுப் பஸீனா. தோட்டத்துப் பிள்ளைகள் பகல் முழுக்க அங்கே சோறு தின்று, பாயில் புரண்டு, ஒருவரை ஒருவர் கடித்து, மாலையில் தாயோடு போகும்.

ஒருநாள் ராத்தா புத்தளம் டவுனுக்குப் போய், ஆட்டுக் கழுத்தில் கட்டும் சின்ன மணிகளை வாங்கிவந்தார். ஒவ்வொரு பிள்ளையின் காலிலும் ஒன்றைக் கட்டினார். கொட்டிலே கலகலத்தது. அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே காதால் பிள்ளைகளை எண்ணினார். தாய்மாருக்கும் சந்தோஷம். கணவனும் தானுமாய்ப் பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்யும் மாக்கிறட், ஹட்டன் பக்கத்துக்காரி, "அக்கா, சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தா எனக்கு கை வேகமா ஓடுதுங்க" என்றாள். அவளுடைய மகள் அஞ்சலின்தான் கொட்டிலிலேயே பெரிய வால். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும், பிடி பார்ப்போம் என்று துள்ளி எழும்பிச் சிரித்துக்கொண்டு ஓடுவாள். அது அவளுக்கு விளையாட்டு.

ஆனால் பள்ளிவாசல் தலைவர் ரஸாக் ஹாஜியாருக்கு மணி பிடிக்கவில்லை. வழியில் கண்டபோது நிறுத்திக் கேட்டார். "என்ன ஸுலைஹா, மணி கிலுங்குற இடத்துக்கு மலக்குமார் வரமாட்டாங்க எண்டு தெரியாதா உனக்கு?"

"மலக்குமார் கிணத்தடியில நிண்டு பாத்துக்கொள்ளுறதெண்டா நான் கழட்டிருவேன் ஹாஜியார்."

அல்லாஹ்வின் வானவர்களைப் பற்றி இப்படிச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, சொன்னதை நினைத்து நடுங்கியதும் அவர்தான். யா அல்லாஹ், என்ன வாய் இது! ஹாஜியார் மறுபடி ஒரு வார்த்தை பேசவில்லை. கழற்று என்று யாரும் சொல்லவுமில்லை. ராத்தாதான் தானாக ஒரு வழி கண்டுபிடித்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்துக்கு மட்டும் பழைய சாரத்துணியைக் கிழித்து, மணிகளுக்குள் அடைத்துவிடுவார். தொழுகை முடிந்ததும் எடுத்துவிடுவார். அல்லாஹ்வுக்கும் மரியாதை, ஊருக்கும் வாய் இல்லை. கெட்டித்தனம் என்றே நினைத்தார்.

அந்த வெள்ளிக்கிழமை கச்சான் காற்று மணலை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. ஊர் ஆண்கள் எல்லோரும் பள்ளிக்குப் போய்விட்டார்கள். ஒலிபெருக்கியில் குத்பா ஓதும் சத்தம் தோட்டம் முழுக்கக் கேட்டது. பிள்ளைகள் சோறு தின்றுவிட்டுப் பாயில் கிடந்தார்கள். பஸீனா பானை கழுவப் போனாள். ராத்தா மூலையில் முசல்லாவை விரித்து லுஹர் தொழுதார். கடைசியில் வலப்பக்கம் திரும்பி ஸலாம் கொடுத்தார். இடப்பக்கம் திரும்பியபோது அஞ்சலின் கிடந்த பாயில் தலையணை மட்டும் இருந்தது.

காதைத் தீட்டினார். காற்று. குத்பா. வேறு சத்தம் ஒன்றுமில்லை. எப்படி இருக்கும்? இந்தக் கையாலேதானே துணியை அடைத்தோம்! பஸீனாவைக் கூப்பிட்டு மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னதுகூட நினைவில்லாமல் ஓடினார். முதல் கிணறு. ஒன்றுமில்லை. அடுத்தது. தண்ணீரில் அவருடைய முகமே அவரைப் பார்த்துப் பயந்தது. "றப்பே, அந்தப் புள்ளய விட்டுரு, என்னய எடுத்துக்கொள்ளு" என்று வாய் தானாக முணுமுணுத்தது.

மூன்றாவது கிணற்றில் இருந்தாள்.

உள்ளே இல்லை. மேல் வளையத்தில் உட்கார்ந்து, கால் இரண்டையும் கிணற்றுக்குள் தொங்கவிட்டு, மடியில் வைத்திருந்த வெங்காயங்களை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்று விழுந்ததும் குனிந்து பார்ப்பாள். பிறகு அடுத்தது. தாயைத் தேடித்தான் வந்திருக்கிறாள். பாத்தியின் மறுகரையில் மாக்கிறட் முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் கிண்டிக்கொண்டிருந்தாள்.

அஞ்சலின் என்று கத்த வாயெடுத்த ராத்தா, பல்லைக் கடித்து அந்தப் பெயரை விழுங்கினார். கூப்பிட்டால் துள்ளுவாள். துள்ளினால் அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்து மாக்கிறட் நிமிர்ந்தாள். கண்டாள். அவள் வாய் திறப்பதற்குள் ராத்தா இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக் காட்டி, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கெட்டிக்காரி, புரிந்துகொண்டாள். தலையில் கட்டியிருந்த துணியை உருவி வாய்க்குள் திணித்துக்கொண்டு அப்படியே நின்றாள். பெற்றவள், தன் பிள்ளை சாகப் போகிறதைப் பார்த்துக்கொண்டு சத்தம் போடாமல் நிற்பதென்றால் சும்மாவா?

ராத்தா பிள்ளையின் முதுகுப் பக்கமாக மணலில் தவழ்ந்தார். காற்று எதிரே அடித்தது நல்லதாகப் போயிற்று. மடியில் வெங்காயம் தீர்ந்துவிட்டது. பிள்ளை முன்னால் சாய்ந்து, போட்ட வெங்காயத்தை எடுக்கிறவள் போலக் கையை நீட்டினாள். ராத்தாவின் ஒரு கை சட்டையைப் பிடித்தது, மறு கை தலைமயிரைப் பிடித்தது. இரண்டு பேரும் பின்னால் மல்லாக்க விழுந்தார்கள். தலைமயிர் வலித்ததற்கும் வெங்காயம் போனதற்குமாக அஞ்சலின் ஊரைக் கூட்டி அழுதாள். ராத்தாவுக்கு அழக்கூட வரவில்லை. பிடித்த சட்டையை விடாமல் கிடந்தார்.

மாக்கிறட் ஓடிவந்து பிள்ளையை அள்ளினாள். அடிக்கவில்லை, ஏசவுமில்லை. உடம்பெல்லாம் தடவிப் பார்த்தாள். கால் மணியில் அவள் கை நின்றது. குலுக்கிப் பார்த்தாள்.

"அக்கா, ஏங்க இதுல சத்தம் வரல?"

பொய் சொல்லியிருக்கலாம். மணலடைத்துவிட்டது என்றிருந்தால் முடிந்திருக்கும். ராத்தா சொன்னார்: "நான்தான் புள்ள துணி அடைச்சேன். ஜும்ஆவுக்காக."

"யாருங்க அடைக்கச் சொன்னது?"

"ஆரும் சொல்லல. பயத்துல செஞ்சேன்."

மாக்கிறட் பிள்ளையின் முகத்தைத் தன் கழுத்தில் புதைத்துக்கொண்டு, குடிசைப் பக்கம் நடந்தாள்.

அன்றைக்கே ராத்தா துணிகளையெல்லாம் பிடுங்கி அடுப்பில் போட்டார். இனி வெள்ளியும் ஒன்றுதான், திங்களும் ஒன்றுதான். மலக்குமார் கோபித்தால் மறுமையில் பேசிக்கொள்ளலாம் என்று பஸீனாவிடம் சொன்னார். சொல்லிவிட்டு உடனே தன் வாயில் தானே அடித்துக்கொண்டார்.

மறுநாள் எல்லாப் பிள்ளைகளும் வந்தன. அஞ்சலின் வரவில்லை. சோறு ஆறும்வரை பார்த்துவிட்டு ராத்தா எழும்பிப் போனார். வழி நெடுக வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே போனார். வெயில், மருந்து, கிணறு, பசி; என்ன சொன்னால் அவள் மனம் இளகும்?

மாக்கிறட்டின் குடிசை மரக்காலில் பழைய சேலை ஒன்று கட்டியிருந்தது. அதன் மறுமுனை அஞ்சலினின் இடுப்பில். கொட்டில் வருவதற்கு முன்னால் தோட்டத்துத் தாய்மார் எல்லோரும் இப்படித்தான் பிள்ளையைக் கட்டிப்போட்டுவிட்டு வேலைக்கு இறங்குவார்கள். அதைக் காணப் பொறுக்காமல்தான் ராத்தா கொட்டிலே போட்டார். சேலை எட்டும் அளவுக்கு அஞ்சலின் சுற்றிச் சுற்றி நடந்து, மணலில் ஒரு வட்டம் விழுந்திருந்தது. ராத்தாவைக் கண்டதும் சிரித்துக்கொண்டு ஓடப் பார்த்தாள். சேலை பிடித்து இழுத்தது, பொத்தென்று உட்கார்ந்தாள்.

மாக்கிறட் பாத்தியிலிருந்து நிமிரவில்லை. "கோவிச்சுக்காதீங்கக்கா" என்றாள். "எனக்குப் பயமா இருக்குங்க."

ராத்தா பிள்ளைக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். அவருடைய கை முடிச்சை நோக்கிப் போனது. வெங்காயம் கிண்டிக்கொண்டிருந்த மாக்கிறட்டின் கை நின்றது.

ராத்தா முடிச்சை அவிழ்க்கவில்லை. சேலைக்கும் பிள்ளையின் இடுப்புக்கும் நடுவில் இரண்டு விரலை நுழைத்து, எங்கேயாவது இறுக்குகிறதா என்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.