துவைக்காத சேலை

துடியலூர் பஸ்ஸுக்கு நின்றபோது பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தார். சட்டைப் பித்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். மஞ்சள் பைக்குள் இருந்த பழைய நூல்சேலையை அடிக்கடி தொட்டுப் பார்த்தார்.

"துடியலூர்ல மகளுக்குப் பொண்ணு பொறந்திருக்குதுங்க. இது செத்துப்போன எம்பட ஊட்டுக்காரி சேலைங்க. குழந்தைக்கு மெத்துனு இருக்கும், துவைச்சுக் கொண்டாங்கன்னு மக சொல்லுச்சுங்க. ஏனுங்கம்மா, துவைச்சா அவ வாசம் போயிருமுங்களே?"

அயலாரோடு பேசிப் பழகாத நான் மெல்லச் சொன்னேன்.

"முந்தானையக் கிழிச்சு நீங்க வெச்சுக்குங்க. மிச்சத்தத் துவைச்சுக் குடுங்க."

"கிழிக்கறதுங்களா?" என்று பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

பஸ் வந்தது. அவர் ஏறவில்லை. சன்னல் வழியாகப் பார்த்தேன். பையைத் திறந்து அதற்குள் முகம் புதைத்திருந்தார்.

அந்தச் சேலை பேத்திக்குப் போய்ச் சேர்ந்ததா என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.