பத்தொன்பது இரவுகள்

மகன் கப்பலில் ஏணியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டான் என்று செய்தி வந்தபோது, எத்தனையாவது படியிலிருந்து விழுந்தான் என்றுதான் முதலில் கேட்டேன். ஒன்பதாவது படி என்றார்கள். படியைக் கேட்டு என்ன செய்யப் போகிறீர்கள் என்று மனைவி திட்டினாள். எண் தெரியாத துன்பம் எனக்கு எப்போதும் இரண்டு மடங்காகவே தெரியும். தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் மூட்டை எண்ணி ஓய்வு பெற்றவன் நான்.

ஸ்பெயின்காரர்களின் தீவு ஒன்றில், லாஸ் பால்மாஸ் என்ற துறைமுகத்தில், அவனை இறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டது. காலில் அறுவை நடந்தது. அந்தச் செலவைக் கம்பெனி கொடுத்தது. ஊருக்குப் பறக்கலாம் என்று மருத்துவர் சொல்லும்வரை ஒரு விடுதியில் தங்க வைத்தார்கள். அதை ஒரு அம்மாள் நடத்தினாள். அவன் போன் விழுந்ததில் நொறுங்கிவிட்டதால் தினமும் நம் ஊர் நேரம் மாலை நான்கு மணிக்கு அந்த அம்மாளின் போனிலிருந்து வீடியோவில் பேசுவான்.

"ஒரு ராத்திரிக்கு முப்பத்தஞ்சு யூரோப்பா. கம்பெனி ஏஜெண்ட் குடுத்துருவான். நீங்க எண்ணிக்கிட்டு உக்காராதிய."

நான் எண்ணிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். ஒரு திங்கட்கிழமை, ஏஜெண்ட் போனை எடுப்பதில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னான். பாஸ்போர்ட் பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"அந்த அம்மாகிட்டதாம்பா இருக்கு."

எங்கள் ஊரில் ஒருவருடைய பொருள் இன்னொருவர் கையில் இருந்தால் அதற்குப் பெயர் அடகு. விமானம் சனிக்கிழமை. அதுவரை பத்தொன்பது இரவு. பத்தொன்பதை முப்பத்தைந்தால் பெருக்கினால் அறுநூற்று அறுபத்தைந்து யூரோ. அதைக் கட்டாமல் பாஸ்போர்ட் வராது, பாஸ்போர்ட் இல்லாமல் விமானம் இல்லை, விமானத்தை விட்டால் மறுபடி இரவுகள் ஏறும்.

அந்த அம்மாளிடம் நானே பேசுவது என்று முடிவு செய்தேன். போனிலேயே மொழிபெயர்ப்பு இருக்கிறதே என்றாள் மனைவி. இன்னொருவர் வாய் வழியாக வந்த எண்ணிக்கையில் நான் ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை.

முத்தையாபுரத்தில் பரோட்டாக் கடை வைத்திருப்பவர் முன்பு கப்பலில் சமையல்காரராக இருந்தவர். தென் அமெரிக்கத் துறைமுகங்களில் சந்தைக்குப் போய் ஸ்பானிஷில் பேரம் பேசிக் கறியும் காயும் வாங்கியவர். செவ்வாய்க்கிழமை காலை பஸ் ஏறிப் போனேன். பரோட்டா மாவை அடித்துக்கொண்டே சிரித்தார்.

"அண்ணாச்சி, நம்ம மேசை ஸ்பெயின்காரனுக்கும் மேசைதான். அலமாரியும் அப்படித்தான். பாதி உங்களுக்குத் தெரியும், பயப்படாதிய."

"மேசை எனக்கு வேண்டாம் மாஸ்டர். மேசை மேல வைக்கிற பணத்துக்கு என்ன சொல்லணும், அதச் சொல்லுங்க."

'குவாந்தோ எஸ்' என்றால் எவ்வளவு. 'மூய் காரோ' என்றால் விலை ரொம்பக் கூட. 'யோ பாகோ' என்றால் நான் கொடுக்கிறேன். ஊனோ, தோஸ், த்ரேஸ் என்று நூறுவரை எழுதிக் கொடுத்தார். நூறுக்கு மேலே நூறுநூறாக எப்படி ஏறும் என்பதையும் கேட்டு எழுதிக்கொண்டேன். அவருக்குத் தெரிந்தது அவ்வளவும் சந்தைப் பேச்சு. வணக்கத்துக்கு என்ன என்று கேட்டதற்கு யோசித்துவிட்டு, "அது நமக்கு வேண்டிவரல" என்றார்.

"ஒன்னு மட்டும் கேட்டுக்கிடுங்க. நம்பர் உங்க வாயிலேர்ந்து வரக்கூடாது. அவளச் சொல்ல விடுங்க. யோ பாகோவ கடைசியிலதான் சொல்லணும். முந்திச் சொன்னா தோல உரிச்சிருவா."

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் வழியே உப்புக் குவியல்களை ஸ்பானிஷில் எண்ணினேன். நாற்பத்து மூன்றுவரை போனது. பக்கத்தில் இருந்த பெண் மடியிலிருந்த பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேறு இடம் போய் உட்கார்ந்தாள்.

புதன்கிழமை மதியம் இரண்டரைக்கு அழைத்தேன். அந்நேரம் மகன் ஏஜெண்ட் அலுவலகத்துக்குப் போயிருப்பான் என்று தெரியும். மனைவி எதிரே முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"ஓலா?" என்றாள் அந்த அம்மாள்.

குவாந்தோ எஸ் என்று கேட்டிருக்க வேண்டும். ஆனால் முப்பத்தொரு வருடப் பழக்கம் முந்திக்கொண்டது. மூட்டை ஏற்றும்போது கரையில் ஒருவர், கப்பலில் ஒருவர் எண்ணுவோம். வேலை முடிந்ததும் கரைக்காரன்தான் தன் கணக்கை முதலில் உரக்கச் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டுச் சொல்பவனை யாரும் நம்பமாட்டார்கள். ஆகவே உரக்கச் சொன்னேன்:

"செய்ஸ்சியெந்தோஸ் செசெந்தா இ சிங்கோ."

அறுநூற்று அறுபத்தைந்து. அவள், "நோ, நோ, நோ" என்றாள். மூன்று முறை. ஏதோ நீளமாகப் பேசி, முடிவில் நிறுத்தி நிறுத்தி ஒரு தொகை சொன்னாள். குவாத்ரோசியெந்தோஸ் வெய்ந்தே. நானூற்று இருபது.

பணம் வாங்க வேண்டியவர் நான் சொன்னதைவிடக் குறைத்துக் கேட்ட அனுபவம் எனக்கு இல்லை. அறுநூற்று அறுபத்தைந்து போதாது, மேலே நானூற்று இருபது வேண்டும் என்கிறாள் என்றே எனக்குப் புரிந்தது. கூட்டினால் ஆயிரத்து எண்பத்தைந்து. ரூபாயில் லட்சத்தைத் தொடும். 'மூய் காரோ' என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. போனை வைத்துவிட்டேன்.

"என்ன சொல்லுதா?"

"கூடக் கேக்குதா."

"எதுக்குக் கூட?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இப்படி வேர்த்துக்கிடக்கேன்?"

மனைவி கீரையை ஒதுக்கிவைத்துவிட்டு உள்ளே போய் மாதா படத்தின் முன் மெழுகுவர்த்தி ஏற்றினாள். திரும்பி வரும்போது கழுத்துச் சங்கிலியைக் கையால் பிடித்துக்கொண்டே வந்தாள். அதைக் கழற்றிவிடுவாளோ என்று எனக்கு இன்னொரு பயம். நான்கு மணிக்கு மகன் பேசியபோது எதையும் சொல்லவில்லை. சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் என்று மட்டும் சொன்னேன். அவனும் சரிப்பா என்றான்.

வியாழக்கிழமை விடிந்ததும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அந்த இரண்டு தொகைகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். கூட்டுவதற்குப் பதில் கழித்துப் பார்த்தேன். இருநூற்று நாற்பத்தைந்து. அதை முப்பத்தைந்தால் வகுத்தேன். மிச்சமில்லாமல் ஏழு.

பென்சிலைக் கீழே வைத்தேன். துறைமுகத்தில் இரண்டு கணக்கும் ஒத்துப்போகாதபோது மூட்டையைப் பற்றிச் சண்டை போடமாட்டோம். எத்தனை தூக்கு ஏறியது என்று கேட்போம். கயிற்றுவலையில் கட்டி ஒருமுறை கிரேனில் ஏற்றினால் ஒரு தூக்கு. வித்தியாசம் சரியாகத் தூக்குக் கணக்கில் வந்து நின்றால், யாரும் தப்பாக எண்ணவில்லை. அந்தத் தூக்கு வேறு எங்கோ போயிருக்கிறது.

பரோட்டாக் கடைக்குப் போன் செய்து, இரவுக்கு என்ன வார்த்தை, எத்தனை இரவு என்று எப்படிக் கேட்பது என்று கேட்டேன். "எதுக்கு அண்ணாச்சி, ராத்திரிய வெல பேசப் போறியளோ?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டரைக்கு மறுபடி அழைத்தேன். "குவாந்தாஸ் நோச்சேஸ்?"

"தோசே," என்றாள். பன்னிரண்டு.

என்னிடம் இருப்பது பத்தொன்பது. மீதி ஏழு எங்கே என்று கேட்க வார்த்தை கிடையாது. எண்ணை மட்டும் சொன்னேன். "சியெத்தே?"

"ஓஸ்பித்தால்," என்றாள் மெதுவாக. அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. தொடர்ந்து அவள் பேசியதில் மகனின் பெயர் இரண்டு முறை வந்தது, பாஸ்போர்ட் ஒரு முறை வந்தது.

நடுவில் ஏழு நாள் அவன் முகத்தைக் காட்டாமல் பேசினான். நெட் சரியில்லை என்றான். அந்த ஏழு நாளும் நான்கு மணி தவறவில்லை. அப்படியானால் அந்த அம்மாள் தன் போனை எடுத்துக்கொண்டு ஏழு முறை ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். பாஸ்போர்ட்டை அவள் பிடித்துவைக்கவில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு போன அன்று எடுத்து வைத்திருக்கிறாள். படுக்காத இரவுக்குக் காசும் கேட்கவில்லை. இவளோடு பேரம் பேசத்தான் நான் பஸ் ஏறிப் போய்ப் படித்துவிட்டு வந்தேன்.

"யோ பாகோ," என்றேன். நான் கொடுக்கிறேன். இன்னொரு முறையும் சொன்னேன். வேறு எதுவும் எனக்குத் தெரியாது. அவள் ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

பணத்தைப் பற்றிய பயம் அத்தோடு போனது. அந்த இடத்தில் வேறு பயம் வந்து உட்கார்ந்தது. அதற்கு எண் இல்லை.

நான்கு மணிக்கு மகன் அழைத்தான். போனை மேசைமேல் வைத்து, சத்தம் வெளியே கேட்கும்படி செய்தேன்.

"அங்கன எத்தன ராத்திரிலே தங்கினே?"

"நீங்கதான் எண்ணி வச்சிருப்பியளே. சனிக்கெழமையோட பத்தொம்பது."

"பன்னெண்டு," என்றேன்.

பின்னால் ஒரு கதவு சாத்தும் ஓசை கேட்டது.

"தையல் போட்ட எடத்துல சீழ் வச்சிட்டுப்பா," என்றான் கடைசியில். "ரெண்டு நாளு காச்சல்ல தலயத் தூக்க முடியல. இப்ப ஒன்னுமில்ல, டாக்டரே போகலாம்னுட்டாரு. அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதிய."

மனைவி என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தாள். சங்கிலி அவள் கையில் சுருண்டிருந்தது.

"கேட்டுக்கிட்டுத்தாம்ல நிக்கேன்," என்றாள். "அந்த அம்மாட்ட போனக் குடு."

"ஒங்களுக்கு அந்தப் பாஷை தெரியாதேம்மா."

"ஒங்கப்பாவுக்கு மட்டும் தெரியுமாக்கும். குடுலே."