என் வீட்டுக்காரர் பாடாத டூயட்

என் வீட்டுக்காரர் ஒரு காலத்தில் மாணவர் தலைவர். பஸ் கட்டண உயர்வை எதிர்த்து அடையாறில் மறியல் செய்து ஜெயிலுக்குப் போனவர். இப்போது மந்தைவெளி ரேஷன் கடையில் யார் இடித்து முன்னால் போனாலும் வழிவிட்டு நிற்பார். இவரைப் பற்றிப் படம் எடுக்கிறேன் என்று ஓர் இளம் இயக்குநர் வந்தபோது, நானும் சந்தோஷமாகத்தான் காபி போட்டுக் கொடுத்தேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தப் பிள்ளை, "லவ்வு ஏதாச்சும் சார்?" என்றது. இவர் யோசித்தார். யோசிக்க என்ன இருக்கிறது? எங்களுடையது பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம்.

"அதுக்கெல்லாம் ஏதுப்பா நேரம்" என்றார் கடைசியாக.

"அதை நாங்க பாத்துக்கறோம் சார்."

நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள். படத்தில் ஒரு பெண் தாவணியைக் கிழித்து இவர் மண்டைக்குக் கட்டுப் போடுகிறாள். மழையில் ஒரு டூயட் வேறு. கதை எங்கள் கல்யாணம் வரைக்கும் வரவேயில்லை. நான் பிறக்காதவள் மாதிரி படம் முடிந்துவிட்டது.

மாடவீதியில் கீரைக்காரம்மா, "சார் ஷோக்கா பாடிக்கினு கீறாரே. அந்தப் பொண்ணு இப்போ எங்கம்மா கீது?" என்றாள். நாத்தனார் போன் போட்டு, "மனசத் தளரவிடாதீங்க அண்ணி" என்றாள். கூடப் பிறந்தவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"அப்படி ஒருத்தி இல்லவே இல்லைன்னு நாலு பேர்கிட்ட சொன்னா என்னங்க?" என்று கேட்டேன்.

"சினிமாதானே, விடும்மா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மீசைக்கு டை வேறு அடிக்க ஆரம்பித்திருந்தார்.

தி.நகரில் ஒரு மண்டபத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். நம் ஊரில் ஒருவரைக் கௌரவித்தால் தம்பதியாக நிற்கவைத்து மாலை போடுவதுதானே வழக்கம்? இரண்டு மாலை வாங்கியிருந்தார்கள். மாலை போட வந்த பெரிய மனிதர் மேடையைப் பார்த்தார். இவர் பக்கத்தில் பட்டுப்புடவையில் அந்த நடிகை. ஒன்றை இவருக்குப் போட்டார், இன்னொன்றை அவளுக்கு. மண்டபமே கைதட்டியது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நானும் தட்டினேன், வேறென்ன செய்வது? அந்தப் பெண் பாவம், நெளிந்தாள். பேத்தி வயசு.

இவரைப் பேசக் கூப்பிட்டார்கள். மேடை கிடைத்தால் லேசில் விடாத மனிதர், மைக்கைத் தொடவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கி நேராக என்னிடம் வந்தார். ஊரறிய ஏதோ சொல்லப்போகிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். குனிந்து காதோடு, "வா, வெளிநடப்பு பண்ணலாம்" என்றார்.

உள்ளே இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். சாப்பிடாமலே கிளம்பினோம். ஆட்டோ தேனாம்பேட்டை சிக்னலில் நின்றபோது கேட்டேன், "ஏங்க, இதை மைக்குலயே சொல்லியிருக்கலாமில்ல?"

அவர் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "அப்போல்லாம் நான் எழுந்தா காலேஜே எழுந்து வரும். இன்னைக்கு நீ ஒருத்தி எழுந்து வருவியான்னுதான் பயமா இருந்துச்சு."