திரை சொன்ன ‘வேண்டாம்’

இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, திரைக்கு ஒரு முழம் தள்ளி நிற்பார் டச் அக்கா. தொடுதிரைகளைப் பழுதுபார்ப்பதே அவர் தொழில். ஆயினும் எந்தத் திரையையும் எடுத்த எடுப்பில் தொடமாட்டார். “நாம கை வெச்சிட்டா, நம்ம தொட்டது எது, அதுவா தொட்டுக்கிட்டது எதுன்னு தெரியாம போயிரும்” என்பார்.

அகச்சிவப்புத் திரையின் உறுப்புகளுக்கு ஒரு குடும்பத்தையே அவர் பெயராக வைத்திருக்கிறார். சட்டத்தின் ஒரு பக்கத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒளியை அனுப்பும் சிறு விளக்குகள் ‘குடுக்கிறவங்க’. எதிர்ப்பக்கத்தில் அதை ஏற்பவை ‘வாங்கிக்கிறவங்க’. நடுவில் விரல் குறுக்கிட்டால், எந்த இடத்தில் என்று கணித்துச் சொல்லும் கன்ட்ரோலருக்குப் பெயர் ‘மாமியார்’. “யாரு எங்க கை வெச்சாலும் அவங்களுக்குத் தெரிஞ்சாகணும்.” அவருடைய சொந்த மாமியார் இதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டதாகக் கேள்வி.

ஒருநாள் அவர் அப்படி நின்றது என் அடுத்த வீட்டுக் கூடத்தில்; நானும் அங்கிருந்தேன். பக்கவாதத்தில் பேச்சிழந்த ஓட்டுநர் ஒருவருக்காக அங்கே சுவரில் சொற்கட்டங்கள் கொண்ட பெரிய திரை மாட்டியிருந்தது. விரலை நீட்ட அவரால் இயலாது. மடக்கிய கையின் முட்டியால் தொட்டாலும், அந்தக் கட்டத்திலுள்ள சொல்லைத் திரை உரக்கச் சொல்லும். அவரிடம் எதையாவது கேட்கும்போது மட்டுமே அதைப் போடுவார்கள். சில நாள்களாக அவர் ‘வேணும்’ என்று தொட்டால், பின்னாலேயே ‘வேண்டாம்’ வந்தது. சாப்பாட்டுக்கு, மருந்துக்கு, கடைசியில், “நான் பக்கத்துலயே இருக்கட்டுமா?” என்று மனைவி கேட்டதற்கும். அதன்பின் அந்த அம்மாள் கணவரிடம் எதையும் கேட்பதில்லை. மகன்தான் அக்காவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்.

“திரையில என்னம்மா இருக்கு? எல்லாம் அவரு மனசுலதான் இருக்கு” என்றார் அம்மாள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

அக்கா தம் கைபேசிக் கேமராவைச் சட்டத்தின் உள்விளிம்பில் காட்டினார். வெறுங்கண்ணுக்குப் புலப்படாத விளக்குகள் அதில் வெளிர் ஊதாவாக வரிசை கட்டி எரிந்தன, ஒன்றும் அணைந்திருக்கவில்லை. அடுத்து, கன்ட்ரோலர் மென்பொருளின் சோதனைப் பக்கத்தைத் திறந்தார். தொட்ட இடத்தில் புள்ளி விழும் வெற்றுப் பக்கம் அது. யாருமே தொடாதபோதும் வலது மேல்மூலையில் ஒரு புள்ளி விட்டு விட்டுத் தோன்றியது. ‘வேண்டாம்’ கட்டத்துக்குரிய மூலை.

“மாமியார் பொய் சொல்லல. அங்க நெசமாவே என்னமோ தொடுது.”

சட்டத்தின் அந்த மூலையில் பேத்தியின் புகைப்படம் ஒட்டியிருந்தது. கணவர் கண்ணில் படட்டுமென்று அம்மாளே போன வாரம் ஒட்டியது. மின்விசிறிக் காற்றில் அதன் தளர்ந்த முனை சரிந்து சரிந்து ஒளியை மறித்தது. அக்கா விசிறியை நிறுத்தினார், புள்ளி மறைந்தது. படத்தை எடுத்துவிட்டு விசிறியைச் சுழலவிட்டார், புள்ளி வரவில்லை.

“இத்தன நாளும் அய்யா இல்லம்மா, உங்க பேத்திதான் வேண்டாம்னு அடம் புடிச்சிருக்கா.”

அம்மாள், திரையோரம் கணவர் அமர்ந்திருந்த நாற்காலியருகே வந்து, பழைய கேள்வியையே தாழ்ந்த குரலில் கேட்டார். அவருடைய கைமுட்டி மெல்ல எழுந்து ‘வேணும்’ கட்டத்தில் பதிந்தது. திரை சொல்லிற்று. பின்னால் வரக்கூடிய சொல்லுக்காக நாங்கள் காத்திருந்தோம். அது வரவில்லை. யாரும் கேட்காமலே கணவர் மறுபடி தொட்டார், மறுபடியும் தொட்டார்.

“எனக்குக் காது கேக்குது” என்று அதட்டிவிட்டு, அம்மாள் சாப்பாடு எடுத்துவர உள்ளே போனார்.

எல்லாக் கட்டங்களையும் சரிபார்க்காமல் அக்கா எந்த வீட்டைவிட்டும் கிளம்பியதில்லை. ஒவ்வொன்றாகத் தொட்டு வந்தார். ஒன்றே ஒன்று மீதமிருந்தது. அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். திரையின் ஒலியை முற்றிலும் குறைத்துவிட்டு, ‘வேண்டாம்’ கட்டத்தைத் தாமே ஒருமுறை தொட்டார். அது ஒளிர்ந்து அடங்கியதும், ஒலியைப் பழையபடி ஏற்றிவைத்தார்.